தூய்மை நெறியினரும் ஒரு பெண்பாற் புலவரும்

இலக்கியம் காலத்தைக் காட்டும் கண்ணாடி என்று சொல்வது மரபு. ஆயின் எந்தக் கண்ணாடியும் தன் முன்னே நிற்பதைத்தான் காட்டும். ஒரு சமுதாயத்தை ஒரே நூலைக் கொண்டு எடைபோடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை விட்டு வட அமெரிக்காவின் கீழைக் கரையில் குடியேறிய பியூரிட்டன்களுக்கு நேர்ந்ததும் இதுவே. பியூரிட்டன் என்ற பெயரைக் கேட்டதும் படித்தவர் மனத்தில் எழுவது ஒரே ஓவியம்: கறுத்த உடை, இறுகிய முகம், கையில் விவிலியம், ஊர் நடுவே தண்டனை மேடை. இவ்வோவியத்தை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் நதானியல் ஹாதார்ன். அவர் 1850-இல் வெளியிட்ட 'ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் புதினத்தைத் தமிழில் 'செவ்வெழுத்து' எனலாம்.

அப்புதினம் வருவதற்குச் சரியாக 200 ஆண்டுகள் முன்பு, 1650-இல், இலண்டனில் ஒரு கவிதை நூல் வெளிவந்தது. அதனை இயற்றியவர் மாசசூசெட்சில் குடியேறி வாழ்ந்த ஆன் பிராட்ஸ்டிரீட் என்னும் அம்மையார். அந்த ஆங்கிலக் குடியேற்றங்களிலிருந்து சொந்தக் கவிதைகளை நூலாகக் கண்ட முதற் புலவர் எனப் போற்றப்படுபவர் அவரே. ஹாதார்ன் அச்சமுதாயத்தை 200 ஆண்டுகளுக்குப் பின் நின்று நோக்கியவர். அம்மையார் அதனுள் வாழ்ந்தவர். இவ்விருவர் சான்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் தூய்மை நெறியினரின் உண்மை உருவம் விளங்கும்.

தூய்மை நெறியின் இயல்பு

இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்க மரபிலிருந்து பிரிந்த பின்னும் பழைய சடங்குகள் பல அதில் எஞ்சியிருந்தன. அவற்றையும் களைந்து திருச்சபையைத் தூய்மை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவர்களே பியூரிட்டன்கள். அப்பெயர் முதலில் பகைவர் இட்ட ஏளனப் பெயர். அரசும் ஆயர்களும் நெருக்கவே, அவர்களுள் ஒரு பகுதியினர் கடல் கடக்கத் துணிந்தனர். 1630-இல் ஜான் வின்துராப் என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 700 பேர் கப்பல்களில் மாசசூசெட்சுக்குப் புறப்பட்டனர்.

கால்வின் வகுத்த முன்குறித்தற் கொள்கையே அவர்களுடைய நம்பிக்கையின் அடித்தளம். மீட்புப் பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பதை உலகம் தோன்றுமுன்பே இறைவன் முடிவு செய்துவிட்டான்; மனிதன் தன் நற்செயலால் அம்முடிவை மாற்ற இயலாது. இக்கொள்கை மக்களைச் சோம்பலில் ஆழ்த்தும் என்று எண்ணத் தோன்றும். நிகழ்ந்ததோ நேர்மாறு. தான் தேர்ந்தெடுக்கப்பட்டவனா என்ற வினா ஒவ்வொருவரையும் இரவும் பகலும் வாட்டியது. விடை தன் நெஞ்சில்தான் கிடைக்கும். ஆகையால் நெஞ்சைச் சோதிப்பதே அவர்களுடைய நாள்தோறும் செய்யும் கடமையாயிற்று. பலர் நாட்குறிப்பு எழுதினர். திருச்சபையின் முழு உறுப்பினராக விரும்பியவர் தம் உள்ளத்தில் அருள் இயங்கிய வரலாற்றைச் சபையின் முன் எடுத்துரைக்க வேண்டும் என்ற வழக்கமும் வேரூன்றியது. 1631 முதல் மாசசூசெட்சில் வாக்குரிமையும் திருச்சபை உறுப்பினரான ஆடவர்க்கே உரியதாயிற்று.

விவிலியத்தை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும் என்று அவர்கள் கருதியதால் கல்வி வளர்ந்தது. 1636-இல் ஹார்வர்டு கல்லூரி தோன்றியது. 1647-ஆம் ஆண்டுச் சட்டம் 50 வீடுகள் கொண்ட ஊர் ஒவ்வொன்றும் எழுத்தறிவிக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும், 100 வீடுகள் கொண்ட ஊர் இலக்கணப் பள்ளி அமைக்க வேண்டும் என்றும் விதித்தது. இக்கல்விப் பற்று பிற்காலத்தில் தமிழையும் வந்து தொட்டது. தூய்மை நெறியினரின் வழிவந்த திருச்சபைகள் 1807-இல் ஆந்தோவர் என்னும் ஊரில் ஓர் இறையியற் பள்ளியை நிறுவின. அங்குப் பயின்று யாழ்ப்பாணத்துக்கு வந்தவரே மிரோன் வின்சுலோ. 1862-இல் சென்னையில் வெளிவந்த அவருடைய தமிழ்–ஆங்கிலப் பேரகராதியைத் தமிழாசிரியர் அறிவர். அந்த ஆந்தோவரில்தான், வின்சுலோ படித்ததற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், பிராட்ஸ்டிரீட் அம்மையார் வாழ்ந்தார்.

செவ்வெழுத்தின் ஆற்றலும் குறையும்

ஹாதார்ன் காழ்ப்பினால் எழுதியவர் அல்லர். அவர் முன்னோருள் ஒருவர் குவேக்கர்களைக் கொடுமைப்படுத்தியவர். மற்றொருவர் 1692-இல் சேலம் நகரில் சூனியக்காரிகள் எனப் பலரைக் குற்றஞ்சாட்டிய வழக்குகளில் நீதிபதிகளுள் ஒருவராக அமர்ந்தவர். முன்னோர் செய்த பாவத்தின் வெட்கத்தைத் தாம் ஏற்றுக்கொள்வதாகப் புதினத்தின் முகவுரையிலேயே அவர் கூறுகிறார். அந்த வெட்கமே நூலுக்கு உயிர். கணவன் உடன் இல்லாத காலத்தில் குழந்தை பெற்ற ஹெஸ்டர் பிரின், ஆடையின் மார்பில் சிவப்பு எழுத்தொன்றை என்றும் அணியுமாறு தண்டிக்கப்படுகிறாள். குழந்தையின் தந்தையோ ஊரார் போற்றும் போதகன். மறைத்தவன் உள்ளுக்குள் அழுகி மடிகிறான். வெளிப்பட நின்றவள் நிமிர்கிறாள். நெஞ்சைச் சோதிக்கும் ஒரு மக்கட்கூட்டம் பிறர் நெஞ்சைச் சோதிக்கத் தொடங்கினால் விளைவது என்ன என்பதை இதனைவிட ஆழமாகக் காட்டிய நூல் அரிது.

எனினும் வரலாற்றோடு ஒப்பிடுகையில் ஒன்று புலனாகிறது. கதை நிகழும் காலம் 1640-கள். அக்காலத்து மாசசூசெட்ஸ் சட்டத்தில் பிறன்மனை கூடிய குற்றத்துக்குத் தண்டனை மரணம். 1644-இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டனர். எழுத்தை ஆடையில் அணியுமாறு மாசசூசெட்ஸ் விதித்தது 1694-இல்தான். ஆகவே ஹாதார்ன் வரலாற்றைக் கடுமையாக்கினார் என்று குறை கூறுவது பொருந்தாது. சட்டத்தின் கடுமையை அவர் குறைத்தே காட்டினார். அவர் விட்டது வேறொன்று. அவருடைய பியூரிட்டன்கள் தீர்ப்பு வழங்குகின்றனர், குற்றத்தை மறைக்கின்றனர், கூடிநின்று வேடிக்கை பார்க்கின்றனர். ஆனால் மனைவியைப் பிரிந்து ஏங்கும் கணவனும், பேரக்குழந்தையைப் புதைத்துவிட்டு இறைவனை எண்ணித் திகைக்கும் பாட்டியும் அக்கூட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களைக் காண வேறு நூலை நாட வேண்டும்.

கடல் கடந்த புலவர்

ஆன் 1612-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை தாமஸ் டட்லி, லிங்கன் கோமகனின் சொத்துகளை மேற்பார்த்த அலுவலர். கோமகனின் இல்லத்து நூல்களைப் படிக்கும் வாய்ப்பு மகளுக்குக் கிட்டியது. பதினாறாம் வயதளவில் சைமன் பிராட்ஸ்டிரீட் என்பவரை மணந்து, பதினெட்டாம் வயதில் தந்தையோடும் கணவனோடும் ஆர்பெல்லா என்னும் கப்பலில் மாசசூசெட்ஸ் சேர்ந்தார். அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 200 பேர் இறந்தனர் என்று டட்லி எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. புதிய நாட்டையும் அதன் பழக்கவழக்கங்களையும் கண்டதும் தம் உள்ளம் கிளர்ந்தெழுந்து எதிர்த்தது என்றும், இறைவனின் வழி இதுவே என்று தெளிந்த பின்னரே பணிந்தது என்றும் அம்மையார் பிற்காலத்தில் தம் மக்களுக்கு எழுதிவைத்தார். முதலில் எதிர்ப்பு, பின்னர்ப் பணிவு: அவருடைய சிறந்த கவிதைகள் அனைத்திலும் இவ்விரண்டையும் காணலாம்.

எட்டு மக்களைப் பெற்று வளர்த்து, நோயோடு போராடி, ஆட்சிப் பணியால் அடிக்கடி வெளியூர் சென்ற கணவனின் இல்லத்தைக் காத்த இடைவெளிகளில் அவர் எழுதினார். கையெழுத்துப் படியை அவர் அறியாமலே இலண்டனுக்குக் கொண்டுசென்று அச்சிட்டவர் அவர் தங்கையின் கணவர் ஜான் உட்பிரிட்ஜ் என்னும் போதகர். கிரேக்கர் போற்றிய கலைத்தெய்வங்கள் ஒன்பது. பத்தாவது கலைத்தெய்வம் அமெரிக்காவில் தோன்றியுள்ளது என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். முன்னுரையிலோ ஒரு தற்காப்பையும் சேர்த்தார்: இக்கவிதைகளுக்காக இல்லறக் கடமை எதுவும் புறக்கணிக்கப்படவில்லை, உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு கிடைத்த நேரத்தில் இவை எழுதப்பட்டன என்று உறுதி கூறினார். பெண்ணொருத்தியின் நூலுக்கு அன்று இத்தகைய நற்சான்று வேண்டியிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. 1645-இல் வின்துராப் தம் நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதினார். கனெக்டிகட் ஆளுநரின் மனைவி அறிவு பேதலித்துப் போனார். பல ஆண்டுகளாகப் படிப்பிலும் எழுத்திலும் மூழ்கியதே அதற்குக் காரணம். பெண்ணுக்குரிய வீட்டு வேலைகளைக் கவனித்திருந்தால் அவருக்கு இந்நிலை வந்திராது என்பது அவர் கருத்து. ஆர்பெல்லாவில் அம்மையாரோடு வந்த தலைவர் இவ்வாறு எண்ணினார் என்றால் மற்றையோர் எண்ணம் எத்தகையது என்பதை ஊகிக்கலாம். தம் நூலின் பாயிரப் பாடலில், தம் கைக்கு எழுதுகோலைவிட ஊசியே பொருந்தும் என்பாரை அம்மையார் நேரே சுட்டுகிறார். நல்ல கவிதை எழுதினாலும் அதைத் திருடியது என்றோ தற்செயலாக வந்தது என்றோ சொல்வார்கள் என்று இடித்துரைக்கிறார். இறுதியில் புலவர்க்குரிய வாகை மாலை வேண்டாம், சமையற் கட்டுக்குரிய தழைமாலையே போதும் என்று முடிக்கிறார். இவ்வடக்கம் பணிவா, நையாண்டியா என்று ஆய்வாளர் இன்றும் வழக்காடுவர். இரண்டும் கலந்தது என்பதே பொருத்தமாகும்.

புறமும் அகமும்

முதல் நூலில் உள்ள நெடும்பாடல்கள் நான்கு பூதங்களையும், நான்கு பருவங்களையும், பண்டைப் பேரரசுகள் நான்கனையும் பற்றியவை. பிரெஞ்சுப் புலவர் து பார்த்தாவின் தாக்கமும், வால்டர் ராலியின் உலக வரலாற்றுச் செய்திகளும் அவற்றில் மிகுதி. படிப்பின் பரப்பு தெரிகிறது, உயிர்த்துடிப்புக் குறைவு. தமிழிலக்கணத்தார் மொழியில் சொன்னால் அவை புறம். அம்மையாரின் புகழ் நிலைத்திருப்பது அகத்தில். அவர் 1672-இல் மறைந்த பின் 1678-இல் பாஸ்டனில் வந்த பதிப்பில்தான் கணவனுக்கு எழுதிய பாடல்களும், மகப்பேற்றுக்கு முன் எழுதிய பாடலும், பேரக்குழந்தைகளுக்கான இரங்கற்பாக்களும் இடம்பெற்றன. குடும்பத்தார் காத்துவைத்த கையெழுத்துச் சுவடியில் இருந்த மற்றவை முழுமையாக அச்சேறியது 1867-இல். ஹாதார்ன் 1864-இலேயே காலமாகிவிட்டார்.

கணவனுக்கு எழுதிய பாடல்களில் நாணமோ மறைப்போ இல்லை. பிரிந்திருக்கும் கணவனைத் தன் கதிரவன் என்கிறாள் தலைவி. அவன் தெற்கே சென்றதால் தன் வாழ்வில் பனிக்காலம் வந்தது என்று ஏங்குகிறாள். பெற்ற மக்களின் முகத்தில் அவன் முகத்தைக் காண்கிறாள். பியூரிட்டன்கள் இல்லற இன்பத்தை இகழ்ந்தவர்கள் என்று எண்ணுவார்க்கு இப்பாடல்கள் மறுமொழி. கணவன் மனைவி அன்பை இறைவன் அளித்த கொடையாகவே அவர்கள் கருதினர். அவர்கள் அஞ்சியது அன்பின் அளவை: கொடுத்தவனைவிடக் கொடையைப் பெரிதாக எண்ணிவிடக் கூடாதே என்பதுதான் அவர்களின் கவலை.

அக்கவலை முழு உருவம் பெறுவது, 1666-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஆந்தோவரில் அவருடைய வீடு எரிந்ததைப் பற்றிய பாடலில். நள்ளிரவில் கூக்குரல் கேட்டு விழிப்பது, வெளியே ஓடி நிற்பது, வீடு எரிவதைக் காண இயலாத நிலையில் முகத்தைத் திருப்பிக்கொள்வது, கொடுத்தவனே எடுத்துக்கொண்டான் என்று இறைவனை வாழ்த்துவது ஆகியவை முதலில் வருகின்றன. கொள்கை கேட்பது அவ்வளவே. பாடல் அங்கு முடிந்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. பின்னொரு நாளில் அவ்விடத்தைக் கடந்து செல்லும்போது கண் தானாகத் திரும்புகிறது. தாம் அமர்ந்த இடம், படுத்த இடம், பெட்டி இருந்த இடம், பேழை இருந்த இடம் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். இனி இக்கூரையின்கீழ் விருந்தினர் உண்ணப் போவதில்லை, பழங்கதை பேசப் போவதில்லை, மணமகன் குரல் கேட்கப் போவதில்லை என்று இல்லாதவற்றையும் எண்ணுகிறார். அதன் பிறகே தம் நெஞ்சைக் கடிந்து, குப்பைமேட்டின்மேலா உன் செல்வத்தை வைத்தாய் என்ற பொருள்பட வினவி, விண்ணுலகில் உள்ள அழியாத வீட்டை நோக்குகிறார்.

இப்பாடலை இருவகையாகத் தவறாகப் படிக்கலாம். முடிவை மட்டும் கண்டு, இது வெறும் சமயப் பாடல், உலகை வெறுத்தவரின் ஒப்பாரி என்று தள்ளுவது ஒன்று. நடுவை மட்டும் கண்டு, உள்ளத்தால் இவர் சமயத்தை மறுத்தவர், முடிவு ஊராருக்கு அஞ்சிச் சேர்த்தது என்று கொள்வது மற்றொன்று. முதல் தவறு பழையவர்களுடையது. இரண்டாம் தவறு புதியவர்களுடையது. ஊராருக்கு அஞ்சியவர் இப்பாடலை வெளியிட்டிருப்பார். இதுவோ தனித்தாளில் கிடந்து, பின் குடும்பச் சுவடியில் படியெடுக்கப்பட்டது. நடுவில் உள்ள ஏக்கமும் முடிவில் உள்ள தேற்றமும் ஒரே நெறியின் இரு கூறுகள். நெஞ்சில் உள்ளதை மறைக்காமல் இறைவன்முன் வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் பழகிய பயிற்சி. பெட்டியையும் பேழையையும் எவ்வளவு நேசித்தோம் என்பதைச் சொல்லாமல் அவற்றைத் துறந்ததாகச் சொன்னால் அது பொய்க்கணக்கு. நெறியின் கடுமையே கவிதையின் வாய்மைக்கு வழி திறந்தது.

பேரக்குழந்தைகளின் இறப்பைப் பாடும்போது இது மேலும் கூர்மை பெறுகிறது. ஒன்றரை வயதில் 1665-இல் இறந்த எலிசபெத்துக்கான பாடலில், முற்றிய மரம் வீழ்வதும் விளைந்த கதிர் உதிர்வதும் இயற்கை என்று ஒப்புகிறார். புதிதாக நட்ட செடி பிடுங்கப்படுவது இயற்கையின் செயலன்று, இறைவனின் செயலே என்கிறார். பணிவான கூற்று, எனினும் அதனுள் ஒரு முறையீடு ஒலிக்கிறது. 1669-இல் ஒரு மாதமே உயிர்வாழ்ந்த பேரனுக்கான பாடலில் இறைவனின் இரக்கத்தை உறுதியாக அறிவிப்பதைவிட, அவ்வாறு சொல்லும்படி தம்மைத் தாமே ஏவிக்கொள்வதே கேட்கிறது. தம் மக்களுக்கு எழுதிய உரைநடைக் கடிதத்திலோ இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார். இறைவன் உண்டா, மறைநூல் மெய்யா, கத்தோலிக்க நெறிதான் சரியாக இருக்கக் கூடாதா என்ற ஐயங்கள் தம்மைப் பலமுறை வாட்டியதாகப் பிள்ளைகள் படிப்பதற்கென்றே எழுதிவைத்தார். ஐயத்தை மறைத்து நடிக்கும் தாய் இவ்வாறு எழுதமாட்டாள்.

பேசியவரும் எழுதியவரும்

இதனால் அச்சமுதாயம் குற்றமற்றது என்று ஆகிவிடாது. அம்மையார் வாழ்ந்த காலத்திலேயே பாஸ்டனில் ஆன் ஹட்சின்சன் என்னும் பெண்மணி தம் இல்லத்தில் கூட்டம் கூட்டிப் போதகர்களின் பேருரைகளை ஆராய்ந்தார். அருளைப் பற்றிப் போதகர் பலர் தவறாகக் கற்பிக்கின்றனர் என்றார். 1637-இல் அவர்மீது வழக்கு நடந்தது, நாடுகடத்தப்பட்டார். அவ்வழக்கில் நடுவராக அமர்ந்தோருள் தாமஸ் டட்லியும் ஒருவர். சைமன் பிராட்ஸ்டிரீட்டும் ஒருவர். அதாவது புலவரின் தந்தையும் கணவரும். 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் குவேக்கர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் மேரி டயர் ஒரு பெண்.

இரண்டு பெண்கள், இருவர் பெயரும் ஆன். இருவரும் தம் நெஞ்சைத் தாமே சோதித்தவர்கள். ஒருவர் கூட்டத்தின் முன் பேசினார், விரட்டப்பட்டார். மற்றவர் வீட்டிற்குள் எழுதினார், வாழ்த்தப்பட்டார். நூலின் முகப்பில் அம்மையாரைப் பாராட்டிக் கவி பாடியவர்களுள் ஒருவர் நதானியல் வார்டு. 1641-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பை, மரண தண்டனைகளின் பட்டியலோடு, வரைந்தவர் அவரே. சட்டத்தை எழுதிய கையே கவிதையையும் வாழ்த்தியது. எழுத்து இல்லத்தின் எல்லைக்குள் நின்றதால்தான் அந்த வாழ்த்து கிடைத்தது.

அம்மையாரின் கவிதைக்கும் ஓர் எல்லை உண்டு. 1637-இல் மிஸ்டிக் என்னும் இடத்தில் பெக்குவாட் என்னும் மண்ணின் மக்கள் நூற்றுக்கணக்கில், பெண்களும் குழந்தைகளும் உட்பட, தீயிலும் வாளிலும் மாய்ந்தனர். பாரசீகத்து வேந்தரையும் கிரேக்கத்து வேந்தரையும் விரிவாகப் பாடியவர் கவிதையில் அம்மக்களுக்கு இடமில்லை. தம் வீடு எரிந்ததை உருகிப் பாடியவர் பிறர் வீடு எரிந்ததைப் பாடவில்லை. உள்நோக்கிப் பழகிய கண் பக்கத்தில் நோக்கத் தவறியது. அது தனியொருவர் குறையன்று, அந்நெறியினர் அனைவரின் குறை.

முடிபு

1692-இல் சேலம் வழக்குகள் எழுந்தபோது அம்மையார் உயிரோடு இல்லை. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கல்லேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். ஆந்தோவரில் நீதிபதியாக இருந்த அம்மையாரின் மகன் டட்லி பிராட்ஸ்டிரீட், பலரைச் சிறைப்படுத்த ஆணையிட்ட பின், மேலும் ஆணையிட மறுத்துவிட்டார். உடனே பழி அவர்மீதே திரும்பியது. ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. சூனிய வழக்கை நடத்தியதும் அதற்குக் கையெழுத்திட மறுத்ததும் ஒரே சமுதாயம். ஒரே மனிதர் முதலில் கையெழுத்திட்டு, பின்னர் மறுத்ததையும் காண்கிறோம். அவர் கையை எது தடுத்தது என்று உறுதியாகக் கூற இயலாது. ஐயத்தை மறைக்காதே என்று எழுதிக்காட்டிய தாய்க்கு அவர் மகன் என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம்.

மேடையையும் கூட்டத்தையும் அறிய ஹாதார்ன் வேண்டும். அக்கூட்டம் கலைந்து வீடு திரும்பியபின் விளக்கடியில் நிகழ்ந்ததை அறிய பிராட்ஸ்டிரீட் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை மறுப்பது திறனாய்வாகாது. ஒரு மக்கள் பிறர்மேல் சுமத்திய தீர்ப்பும், தம் நெஞ்சோடு நடத்திய வழக்கும் ஆகிய இரண்டையும் கேட்ட பின்னரே அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்மோடு நடத்திய வழக்கில் அவர்கள் காட்டிய நேர்மையைப் பிறர்மேல் நடத்திய வழக்கிலும் காட்டியிருந்தால், ஹாதார்னுக்கு அப்புதினத்தை எழுத வேண்டிய தேவை எழுந்திராது.